மெயில் பைலை மட்டும் திறக்க வேண்டாம்

மார்ச் 9

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

நான் நலம். ஞாயிற்றுக்கிழமை போனில் உங்கள் குரலில் சளி தெரிந்தது. வெந்நீர் குடியுங்கள், கடையில் ஏசியைக் குறையுங்கள்.

போனில் நலம் மட்டும் விசாரிப்பது, மற்றதையெல்லாம் காகிதத்தில் எழுதிக்கொள்வது என்று நாம் செய்த ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்தான். "எப்ப வர்ற" என்று கேட்டீர்கள். என் குரல் உயர்ந்தது. பிறகு உங்கள் குரல் உயர்ந்தது. பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள். அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன்: எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லும் நீட்டிப்புத் தாள் என் மேஜைமேல் தண்ணீர் டம்ளருக்கு அடியில் கிடக்கிறது. முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது மூட்டை கட்ட வேண்டும். நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். கம்பெனி வேண்டும் என்கிறது. நடுவில் நான்.

இங்கே முந்நூறு கம்ப்யூட்டர் மெஷின்களுக்குக் காவல். அறை முழுக்கக் குளிர். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்கிறேன். மெஷின்கள் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அந்த வங்கி அம்மாவுக்குத் தலைவலி போய்விட்டதா? புது பவர் ஒத்துக்கொண்டதா? வாரம் ஒரு முறை வந்து பிரேமை நிமிர்த்திக்கொண்டு போகிறவர்களுக்கு உண்மையில் பிரேம் வளைவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. இரண்டு நாளாகக் கடை மெயில் எல்லாம் ஒழுங்காகப் போய் வருகிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள்,
குளிர் அறைக்காரி


மார்ச் 13

அன்புள்ள இன்ஸ்பெக்டருக்கு,

உன் மூக்கே மூக்கு. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே உனக்கு வாசனை வந்துவிட்டது. ஏழாம் தேதி கடையில் ஒரு காரியம் நடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சொன்னால் திட்டுவாய் என்று மென்று விழுங்கிவிட்டேன்.

மேஜைக்கு அடியில் நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் பெட்டி, புது அப்டேட் வந்திருக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. உன் லினக்ஸை நான் என்றைக்கு எதிர்த்திருக்கிறேன்? சரி என்றேன். அரை மணி நேரம் என்னென்னவோ ஓடியது. அப்புறம் நின்று கேள்வி கேட்டது. நீ மாற்றி எழுதிய பைல் ஒன்று இருக்கிறதாம், அதையே வைத்துக்கொள்வதா, புதுசைப் போடுவதா என்று. எனக்கு எப்படித் தெரியும்? திரையின் ஓரத்தில் நீ ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தேன். "மெஷின் எது கேட்டாலும் ஒய் அழுத்துங்கள். யோசிக்க வேண்டாம்." ஒய் அழுத்தினேன். பதினோரு முறை கேட்டது. பதினோரு முறையும் ஒய். யோசிக்கவே இல்லை.

ஒய் என்றால் புதுசைப் போடு என்று அர்த்தமாம். நீ கையால் எழுதியதெல்லாம் போய்விட்டது. லேபிள் பிரிண்டர் வெள்ளைத் தாளாகத் துப்புகிறது. பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்கு ஆர்டர் போய்ச் சேரவில்லை. பவரை ஒவ்வொன்றாக நான் கையால் தட்டிப் போடுகிறேன். மெயில் போகவும் இல்லை, வரவும் இல்லை. கண் மருத்துவமனை குமாஸ்தா போனில் நம்பர்களை ஒப்பிக்கிறார், நான் எழுதிக்கொள்கிறேன்.

பயப்படாதே. நூலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் கண்ணாடி மாற்ற வந்தார். என் முகத்தைப் பார்த்தே "சார், அப்டேட் பண்ணீங்களா" என்று கேட்டார். நாற்பது வயதிருக்கும், நிதானமான பெண்மணி. தினமும் வேலை முடிந்து ஒரு மணி நேரம் வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். உன் நாற்காலி உயரம் அவருக்குச் சரியாக இருக்கிறது. வேலை செய்யும்போது மெதுவாக ஏதோ ஒரு பாட்டை முணுமுணுக்கிறார். கடைக்கு அது ஒரு மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது.

வங்கி அம்மா விஷயத்தை உன்னிடம் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லியிருப்பேன். தலைவலி போய்விட்டதாம்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. இதைப் போனில் சொல்லவில்லை, காகிதத்தில்தான் சொல்கிறேன்.

உன்,
ஒய் அழுத்தியவன்


மார்ச் 17

என் கணவருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாற்காலி, பாட்டு, நிதானம். பெட்டியில் என்ன கோளாறு என்பதற்கு நாலு வரி, அந்த நூலகக்காரிக்கு ஏழு வரி. எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன்.

எனக்குக் காதில் புகை வருகிறது. மறைக்கப் போவதில்லை. பத்து வருஷம் அந்தக் கடையில் நான் உட்கார்ந்தேன். நான் முணுமுணுத்தபோது "தலை வலிக்குது, கொஞ்சம் சும்மா இரு" என்றது யார்? அவள் நாற்காலியின் உயரத்தை மாற்றினாளா, மாற்றவில்லையா? மாற்றவில்லை என்றால் அது எனக்கு இன்னும் மோசம். வேலை முடிந்து வருகிறாள் என்றால் எத்தனை மணிக்கு? அந்த நேரத்தில் கடையில் வேறு யார்? டீ யார் வாங்கித் தருகிறார்கள்?

சரி, வேலைக்கு வருகிறேன். அவள் இல்லாமலே நீங்கள் செய்துகொள்ளலாம். புதுசைப் போட்டாலும் பெட்டி பழசைத் தூக்கி எறிவதில்லை. அதே இடத்தில் அதே பெயரில், கடைசியில் மட்டும் 'ஓல்ட்' என்று ஒட்டி வைத்திருக்கும். பிரிண்டர் பைலில் லேபிளின் நீள அகலம் எழுதியிருப்பேன். புதுசு முழுத் தாள் என்று நினைத்துக்கொண்டு அச்சடிக்கிறது, அதனால்தான் வெள்ளை. பழசை எடுத்து வைத்தால் சரியாகும். லென்ஸ் மெஷின் கிழட்டு மெஷின். அதற்குப் பழைய முறையில்தான் பேசத் தெரியும். புது செட்டிங் பழைய முறையில் பேசுகிறவர்களை உள்ளே விடாது. விடச் சொல்லி நான் ஒரு வரி எழுதியிருப்பேன். அந்த வரியைப் புதுசில் சேர்த்தால் போதும். ஒவ்வொரு வரிக்கு மேலேயும் தேதி போட்டு, ஏன் எழுதினேன் என்று தமிழில் குறிப்பு வைத்திருக்கிறேன். தேடுவதற்குக் கஷ்டம் இருக்காது.

நானே இங்கிருந்தபடி உள்ளே வந்து ஐந்து நிமிஷத்தில் முடித்திருப்பேன். நான் வரும் வழியும் உங்கள் பதினோரு ஒய்யில் அடைபட்டுவிட்டது. வெளியிலிருந்து தட்டுகிறேன், பெட்டி என்னை யார் என்று கேட்கிறது. உள்ளே அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

மெயில் பைலை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பழசை அப்படியே எடுத்து வைத்துவிடுங்கள். அதில் கடை ரகசியங்கள் இருக்கின்றன, வெளியாள் பார்ப்பது நல்லதில்லை. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் மனைவி
(பத்து வருஷமாக)


மார்ச் 21

அன்புள்ள இன்ஸ்பெக்டருக்கு,

விசாரணைக்குப் பதில்கள். அவர் வருவது ஐந்தரைக்கு, போவது ஆறரைக்கு. கடையில் நானும் இருக்கிறேன், பிரேம் துடைக்கிற பெரியவரும் இருக்கிறார், வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். டீ அவரே பிளாஸ்கில் கொண்டு வருகிறார், எனக்குத் தருவதில்லை. நாற்காலி உயரத்தை மாற்றவில்லை, ஆனால் வீட்டிலிருந்து ஒரு மெத்தை கொண்டுவந்து போட்டுக்கொண்டார். உன் நாற்காலி குத்துகிறதாம். பத்து வருஷம் நீ என்னிடம் சொல்லவே இல்லையே.

நீ எரிந்து விழுவதைப் படிக்கும்போது உண்மையில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினாலு மாதமாக உன் கடிதத்தில் இவ்வளவு சூடு இல்லை. நான் ஒரு ஆள் என்று நினைவு வந்ததே.

லேபிள் சரியாகிவிட்டது. நீ சொன்ன மாதிரியே 'ஓல்ட்' பைலில் நீள அகலம் இருந்தது. லென்ஸ் மெஷினும் பேச ஆரம்பித்துவிட்டது. உன் குறிப்புகளைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "இவ்வளவு சுத்தமா எழுதி வைக்கிறவங்களை நான் பார்த்ததே இல்ல சார். நூலகத்துல எனக்கு முன்னாடி இருந்தவர் ஒரு வரி எழுதி வைக்கல" என்றார். நானே எழுதிய மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மெயில்தான் ஒற்றைக் காலில் நிற்கிறது. பழசை அப்படியே வைத்தோம். கிளம்ப மாட்டேன் என்கிறது. பழைய பைலில் ஏதோ ஒரு வகைப் பட்டியலைப் பயன்படுத்தியிருக்கிறாய், புதுப் பதிப்பு அதைக் கைவிட்டுவிட்டதாம். அதனால் பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்க்க வேண்டும் என்கிறார். நீ வேண்டாம் என்று எழுதியதைச் சொன்னேன். "கடை ரகசியம்னா நான் பார்க்கல சார். பிரிண்ட் எடுத்துத் தர்றேன், நீங்களே படிங்க, எது வேணும் எது வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். நியாயம்தானே. மருத்துவமனை நாற்பது ஜோடி லென்ஸுக்குக் காத்திருக்கிறது. போனில் கேட்டு எழுதியதில் நேற்று ஒரு கிழவருக்கு இடது கண் பவரை வலது கண்ணில் போட்டுவிட்டேன். வாசற்படியில் தடுக்கி விழப் பார்த்தார். இனியும் தள்ள முடியாது.

கையெழுத்து?

உன்,
சந்தோஷமாக இருக்கிறவன்


மார்ச் 24

என்னங்க,

அவசரமாக எழுதுகிறேன், விரைவுத் தபாலில் போடுகிறேன். பிரிண்ட் எடுக்க வேண்டாம். படிக்கவும் வேண்டாம். நான் வருகிறேன்.

கையெழுத்துப் போடப் போவதில்லை. முப்பதாம் தேதி கணக்கை முடித்துக்கொண்டு முப்பத்தொன்று அங்கே இருப்பேன். இறங்கியதும் நேராகக் கடைக்கு வந்து மெயிலைச் சரிசெய்கிறேன். அதுவரை மருத்துவமனை வேலையை நிறுத்தி வையுங்கள். ஒரு வாரம் கண்ணாடி தாமதமானால் யாருக்கும் கண் போய்விடாது. அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லி, மெத்தையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதுதானே இது. பதினாலு மாதமாகக் கேட்டது. சந்தோஷம்தானே?

நீங்கள் அவளைப் பற்றி எழுதுவதைப் படித்தால் என்னால் இங்கே உட்கார முடியவில்லை. அவள் என் குறிப்புகளைப் புகழ்ந்தாளாம். என் கையெழுத்தைப் புகழ அவள் யார்? நான் எழுதியதையெல்லாம் ஒருத்தி படித்துக்கொண்டே போகிறாள், நான் இங்கே மெஷின்களுக்கு விசிறிக்கொண்டிருக்கிறேன். அவள் கைபட்டது எதுவும் அந்தப் பெட்டியில் இருக்கக் கூடாது. வந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிறேன்.

படிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள்,
நான்


மார்ச் 28

அன்புள்ள உனக்கு,

உன் விரைவுத் தபால் இருபத்தாறாம் தேதி வந்தது. பிரிண்ட் இருபத்தைந்தாம் தேதியே வந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது பக்கம். அந்த அம்மா அச்செடுத்து, வரிசையாக அடுக்கி, எதையும் பார்க்காமல் என் முன்னால் வைத்தார். பேனாவையும் கொடுத்தார். "வேணுங்கிற வரிக்கு டிக் போடுங்க சார். புரியாததுக்குக் கேள்விக்குறி போடுங்க" என்றார். நான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். எனக்கு வரி புரியவில்லை, உன் குறிப்புதான் புரிந்தது. "மருத்துவமனை மெயில் பெரிதாக இருக்கும், அதனால் அளவைக் கூட்டியிருக்கிறேன்." டிக். "குப்பை மெயில் அனுப்பும் நாலு பேரைத் தடுத்திருக்கிறேன்." டிக். பக்கத்தில் நீ உட்கார்ந்து சொல்லித் தருகிற மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டுகூட இருந்தேன்.

ஆறாம் பக்கத்தில் இது இருந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"ஜனவரி 14. நாளை வேலைக்காக வெளியூர் கிளம்புகிறேன். இங்கே வருகிற, இங்கிருந்து போகிற ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு பிரதி எனக்கு வர வேண்டும். இவர் யாருக்கு என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும். இவருக்குத் தெரிய வேண்டாம்."

கீழே ஒரே ஒரு வரி. அதில் உன் சொந்த மெயில் முகவரி.

நான் பேனாவை மூடி வைத்ததைப் பார்த்து அந்த அம்மா, "என்ன சார், புரியலையா" என்றார். "புரிஞ்சிருச்சு" என்றேன். தாளை வாங்கிப் பார்க்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "இந்த ஒண்ணு வேண்டாம்மா, மத்ததெல்லாம் வேணும்" என்றேன். எந்த வரி என்று வரி எண் மட்டும் கேட்டுக்கொண்டு வேலையை முடித்தார். அன்றைக்கு அவர் முணுமுணுக்கவில்லை. அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. தப்பு செய்தது நான் இல்லை, ஆனாலும் எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

வங்கி அம்மாவின் தலைவலியை நான் உனக்கு எழுதவே இல்லை. ஒன்பதாம் தேதி மெயில் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டாயே, அதுவும் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. பிரதி நின்றதும் கேட்டிருக்கிறாய்.

பெட்டியிடம் நீ ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. தேதி போட்டு, காரணத்தோடு, உள்ளதை உள்ளபடி எழுதி வைத்திருக்கிறாய். என்னிடம்தான் சொல்லவில்லை.

மெயில் இப்போது வேலை செய்கிறது. பெட்டியின் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். யாருக்கும் தெரியாது, அந்த அம்மாவுக்கும் தெரியாது. நானே தட்டிப் போட்டேன்.

முப்பத்தொன்று வருவதாக எழுதியிருக்கிறாய். என்னைப் பார்க்க வருகிறாயா, அந்தப் பக்கத்தை நான் படிப்பதற்குள் கிழிக்க வருகிறாயா என்று தெரியவில்லை. தெரிந்துகொண்டு எழுது.

நான்


ஏப்ரல் 2

என்னங்க,

முப்பத்தொன்று நான் கிளம்பவில்லை. கையெழுத்தும் போடவில்லை. மேற்பார்வையாளரிடம் பத்தாம் தேதி வரை கெடு வாங்கியிருக்கிறேன். மூட்டை பாதி கட்டியபடி கட்டிலில் கிடக்கிறது, நான் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பக்கத்தைக் கிழிக்கத்தான் கிளம்பினேன். நீங்கள் கேட்டதற்கு அதுதான் பதில்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நீங்கள் கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு பிரேமை நிமிர்த்தினீர்கள். அது உங்கள் வேலை, பத்து வருஷமாகப் பார்த்ததுதான். அன்றைக்கு மட்டும், நாளையிலிருந்து இதை நான் பார்க்க மாட்டேன் என்று தோன்றியது. உட்கார்ந்து அந்த வரியை எழுதினேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

பதினாலு மாதமும் தினமும் படித்தேன். மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடும்போது நான் உங்கள் மெயில்களைப் படித்தேன். ஒரு தப்பு வரி இல்லை. கண் வலிக்கிறதா, படி இறங்கும்போது பார்த்து இறங்குங்கள், அம்மாவையும் ஒரு முறை அழைத்து வாருங்கள். எல்லோருக்கும் அப்படித்தான் எழுதினீர்கள். வங்கி அம்மாவுக்கும் அதேதான். அதைப் படித்து நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. இவர்களுக்கெல்லாம் இவ்வளவு கிடைக்கிறது, நான் இல்லாமலே கடை நன்றாக நடக்கிறது, இவருக்கு ஒரு குறையும் இல்லை என்று எரிந்தது. நான் இல்லாமல் சமாளிக்க முடியவில்லை என்று நீங்கள் யாருக்காவது எழுதியிருக்கிறீர்களா என்று தேடினேன். எழுதவில்லை. அப்டேட் கெட்டுப்போனபோதுதான் எனக்கே அப்படி எழுதினீர்கள். அதற்கும் ஒரு நூலகக்காரி வந்துவிட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. இந்த நீட்டிப்பைக் கம்பெனி என்னிடம் கேட்கவில்லை. நான்தான் போய்க் கேட்டு வாங்கினேன். நீங்கள் "வேண்டாம், வா" என்று எழுதுவதைப் படிக்க ஆசையாக இருந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் நீங்கள் எழுதினீர்கள். எனக்குப் போதவில்லை.

மன்னியுங்கள் என்று எழுதக் கை வரவில்லை, அது சின்ன வார்த்தையாக இருக்கிறது. திட்டுங்கள். போனில்கூடத் திட்டுங்கள், பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினால் தட்டட்டும். வா என்று மட்டும் ஒரு வார்த்தை எழுதுங்கள். அடுத்த வண்டியில் வந்துவிடுகிறேன். கடைக்குள்ளே கால் வைக்க மாட்டேன், வீட்டிலேயே இருக்கிறேன்.

உங்கள்


ஏப்ரல் 7

அன்புள்ள உனக்கு,

கடிதம் கிடைத்தது. உள்ளதை எழுதியிருக்கிறாய். இப்படி ஒன்றை நீ எனக்கு எழுதியதே இல்லை. அதற்காக இதை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். என் சளி போய்விட்டது. அந்த நூலகத்து அம்மா வேலை முடிந்து போய்விட்டார். நீ இல்லாமல் சமாளிக்க முடியவில்லை என்று நான் யாருக்கும் எழுதாததற்குக் காரணம், அது மற்றவர்களுக்கு எழுதுகிற விஷயமா? நீதானே வீட்டுக்காரி, உனக்குத்தான் எழுதினேன்.

போன வெள்ளிக்கிழமை மருத்துவமனை குமாஸ்தாவின் அப்பா இறந்துவிட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் எனக்காகப் போனில் நம்பர் ஒப்பித்த மனிதர். அவருக்கு நாலு வரி ஆறுதலாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதிவிட்டு, இதை நீ படித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். நீ படிக்க மாட்டாய், வழியே இல்லை, நானே அடைத்திருக்கிறேன். தெரிந்தும் கை நின்றுவிட்டது. அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். கடைசியில் "லென்ஸ் நாற்பது ஜோடியும் அனுப்பியாயிற்று" என்று மட்டும் அனுப்பினேன்.

அப்பாவைப் பறிகொடுத்த மனுஷனுக்கு நான் அனுப்பியது அது. உன் கடிதத்தைப் படித்து நான் அழுதது உண்மை. ஆனால் இந்த ஒன்றை நினைத்தால் எனக்கு உன்மேல் வருகிற கோபம் அடங்க மாட்டேன் என்கிறது.

நீ ஒரு வார்த்தை கேட்டாய். பதினாலு மாதம் அது என்னிடம் எக்கச்சக்கமாக இருந்தது. இப்போது தேடிப் பார்க்கிறேன், இல்லை.

கையெழுத்துப் போட்டுவிடு.

நான்